டாஸில் தோற்கிறவரின் பத்து நிமிடம்

எங்கள் எஸ்டேட் மைதானத்தில் பந்தைக் கீழே வைத்தால் நிற்காது. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம் மலையை வெட்டி மட்டம் செய்ய வந்தவர்கள் பாதி வேலையில் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வரவே இல்லை என்று நினைக்கிறேன். கோயில் பக்கத்துக் கோல் மேலே இருக்கிறது, ஓடைப் பக்கத்துக் கோல் கீழே இருக்கிறது. சரிவு எத்தனை அடி என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. மேலிருந்து கீழே ஓடுகிறவர் சிரித்துக்கொண்டே ஓடுவார், கீழிருந்து மேலே ஓடுகிறவர் பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். அந்த அளவுக்குச் சரிவு.

இந்த மைதானத்தில் பன்னிரண்டு வருடமாக நான்தான் ரெஃப்ரி. ஃபுட்பால் தெரியும் என்பதற்காக என்னைப் போடவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபீல்டு டீமும் ஃபேக்டரி டீமும் ஒரே ஒரு மேட்ச் விளையாடும். தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், மெஷினோடு வேலை செய்கிறவர்கள் மறுபக்கம். ஆபீஸில் நாங்கள் ஆறே பேர், எங்களுக்கு டீம் கிடையாது. ஆகவே நாங்கள் நடுநிலையாளர்கள் என்று முடிவாயிற்று. மற்ற ஐந்து பேரும் விசிலைக் கையில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் புத்திசாலிகள்.

என் நடுநிலையில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. ஃபீல்டு டீமின் கேப்டனும் கோல் கீப்பரும் என் மனைவியின் அண்ணன். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் கேப்டன் இல்லை. அவர் கேப்டன் ஆனதற்காக நான் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்ப முடியாது என்று ஃபேக்டரி டீமுக்கு முதல் வருடமே சொல்லிவிட்டேன். அவர்களும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்காததற்குக் காரணம் இருந்தது: மச்சான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் மேட்ச் அநேகமாக டிராவில்தான் முடியும். முதல் பாதியில் மேலிருந்து கீழே அடிக்கிற டீம் ஒரு கோல் போடும், இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதும் அடுத்த டீம் ஒரு கோல் போடும். போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் உண்மையில் போடுவது சரிவுதான். அதன் பிறகு கூடுதல் நேரம். நாலு மணிக்கு மேல் எந்த நிமிடமும் மிஸ்ட், அதாவது மூடுபனி, இறங்கிவிடும் என்பதால் அதற்கு ஒரு அவசர ரூல் வைத்திருந்தார்கள். டாஸ் போட வேண்டும். ஜெயித்தவர் தனக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொள்வார். பக்கம் மாறுவது கிடையாது. முதலில் கோல் போட்டவருக்குக் கப்.

டாஸ் ஜெயித்த எவருமே கீழ்ப் பக்கத்தைக் கேட்டதாக நான் பார்த்ததில்லை. அதாவது மத்தியானம் முழுக்க இருபத்திரண்டு பேர் சேற்றில் விழுந்து, முட்டி உரிந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து விளையாடிய பிறகு, கப் யாருக்கு என்பதை என் கட்டைவிரல் முடிவு செய்யும்.

பெனால்டி வைக்கலாமே என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். வைத்துப் பார்த்தோம். பெனால்டி புள்ளியில் பந்தை வைத்தால் அது மெல்ல உருண்டு வேறு எங்கோ போய்விடும். ஒருவர் சின்னக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, அதை மறந்து கல்லோடு சேர்த்து உதைத்துவிட்டார். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி ஒரு வாரம் லீவு போட்டார். பெனால்டி அதோடு நின்றுபோனது.

மச்சான் ஒவ்வொரு டாஸிலும் தோற்றார். "தலை" என்று சொன்னால் பூ விழும். ஒரு வருடம் மாற்றிப் "பூ" என்று சொன்னார், தலை விழுந்தது. ஃபேக்டரி டீமின் கேப்டன் டீ மேக்கர். கொழுந்தை வதக்கி, உருட்டி, எப்போது நிறுத்த வேண்டும் என்று மூக்காலேயே சொல்லிவிடுகிற மனிதர். அவர் டாஸுக்கு வரும்போதே மேல் பக்கம் போய் நிற்கிற மாதிரிதான் வருவார்.

வீட்டில் இதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, காசைச் சுண்டறது நீங்கதானுங்களே?" என்பாள் மனைவி.

"சுண்டறது நான். விழறது அது."

"கொஞ்சம் பாத்துச் சுண்டுனா என்னவாமா?"

பன்னிரண்டு வருடம் ரெஃப்ரியாக இருந்தவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று எனக்குக் கோபம் வரும். ஒரு வருடம் வீம்புக்காக எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காசைச் சுண்டச் சொன்னேன். மச்சான் அப்போதும் தோற்றார். "நீங்க சுண்டியிருந்தா வந்திருக்கும்" என்றாள்.

தோற்ற பிறகு ஒரு வாரம் மச்சான் எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். காட்டில் மேஸ்திரி என்பதால் ஆபீஸுக்கு மட்டும் வந்தாக வேண்டும், தினமும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதிக் கொடுக்க. யார் ஜெயித்தாலும் கப் என் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கும். பெரிய கப் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மூடி எப்போதோ காணாமல் போய்விட்டது. என்னிடம் பேசிக்கொண்டே அவர் கண் என் தோளுக்கு மேல் போய் வரும். ஒரு நாள் துடைப்பதற்காக அதை மேஜை மேல் வைத்திருந்தேன். "தொட்டுத்தான் பாருங்களேன் மச்சான்" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சுத் தொட்டுக்கறேனுங்க" என்றார்.

போன வருடம் கூடலூர் டாக்டர் அவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மேட்ச் வேண்டுமானால் விளையாடுங்கள், அதற்கு மேல் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வந்த நாளிலிருந்துதான் மச்சானுக்கு ரூல் பைத்தியம் பிடித்தது. கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு செல்போனில் உலகத்து ஃபுட்பால் எல்லாம் பார்த்தார். பெரிய பெரிய நாடுகள்கூட ஒரு காலத்தில் எங்களை மாதிரி முதல் கோலோடு முடித்துக்கொண்டு, பிறகு அது சரியில்லை என்று விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் மூச்சிரைக்க ஆபீஸுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, அமெரிக்காவுல ஒரு ஃபுட்பால் இருக்குதுங்க. பந்தைக் கையில புடிச்சுட்டு ஓடறாங்க."

"அது எப்படி மச்சான் ஃபுட்பால்?"

"அதை விடுங்க. அங்கேயும் டிராவானா டாஸுதான். ஜெயிச்சவன் பந்தை வாங்கி முழுசாக் கொண்டு போய்ச் சேத்துட்டா அத்தோட முடிஞ்சுதாம். தோத்தவன் பந்தைத் தொடவே இல்ல, ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். ரொம்ப வருசம் சண்டை போட்டு இப்ப மாத்திட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாய்ப்பு." நாற்காலியில் உட்கார்ந்தார். "கையில புடிச்சுட்டு ஓடறவனுக்கே நியாயம் தெரிஞ்சிருக்குது. நமக்குத் தெரியலைங்களே."

அன்றைக்கே கம்ப்யூட்டரில் நாலு வரி அடித்தேன். கூடுதல் நேரம் இருபது நிமிடம். டாஸ் ஜெயித்தவர் முதல் பத்து நிமிடத்துக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு பக்கம் மாற வேண்டும், தோற்றவருக்கும் அதே பத்து நிமிடம் உண்டு. இருபது நிமிடமும் முடிந்த பிறகுதான் கோல் கணக்கு. டீ மேக்கர் படித்துப் பார்த்து, "நாங்க மேலயும் ஜெயிப்போம், கீழயும் ஜெயிப்போமுங்க" என்று கையெழுத்துப் போட்டார். மச்சான் தன் பெயரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக எழுதினார். எனக்கும் பெருமைதான். பெரிய தேசங்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்ட விஷயத்தை ஒரு மத்தியானத்தில் தீர்த்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "அண்ணன் ஜெயிக்கட்டும், அப்புறம் பேசுங்க" என்றாள்.

மேட்ச் வந்தது. வழக்கம் போல ஒன்றுக்கு ஒன்று. மணி நாலு. ஓடைக்கு அப்பால் மலை உச்சியில் மிஸ்ட் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கேப்டன்களையும் நடுவில் கூப்பிட்டுக் காசைச் சுண்டினேன்.

"தலை" என்றார் மச்சான்.

தலை.

நான் குனிந்து பார்த்தேன். டீ மேக்கர் குனிந்து பார்த்தார். மச்சான் குனியவே இல்லை. கீழ்ப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், நீங்க ஜெயிச்சுட்டீங்க."

திரும்பி வந்து காசைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "அப்ப என்ன பண்ணோணுங்க?" என்று கேட்டார். பாவம், அவருக்குப் பழக்கம் இல்லை.

மேல் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நாலாவது நிமிடம் மருந்தடிக்கிற ஆள் ஒருவர் பந்தைத் தட்டிவிட்டார். உதைத்தார் என்று சொல்ல முடியாது. பந்து உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, ஃபேக்டரி கோல் கீப்பர் அதற்குப் பக்கத்தில் ஓடி வந்து விழுந்தார், பந்து அவரைக் கடந்து உள்ளே போய்விட்டது.

அவ்வளவுதான். மைதானமே எழுந்துவிட்டது. ஃபீல்டு டீம் ஓடிப் போய் மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் பாத்திரத்தில் தாளம் தட்டினார்கள். என் மனைவி தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. ஒரு ஆள் மைதான ஓரத்தில் போட்டிருந்த மேஜைக்கே கப்பை எடுக்கப் போய்விட்டார். மச்சான் தோள் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்திருந்தார், அவர் கண்ணில் தண்ணீர்.

நான் விசில் ஊதினேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஊதினேன். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து போய் மச்சானின் காலைப் பிடித்து இழுத்தேன், எனக்கு எட்டியது அதுதான்.

"மச்சான், ரூல் மாறிப்போச்சுங்களே."

மேலிருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஞாபகம் வந்து சேர்வதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஆமாங்க" என்றார். "எறக்கி உடுங்கடா."

"எதுக்குண்ணா? கோல் போட்டாச்சில்ல?" என்றார் தூக்கியிருந்தவர்.

"இன்னும் முடியலைடா. ரூல் மாத்தியாச்சு."

"எவன் அண்ணா மாத்துனது?"

"நாந்தான்டா. எறக்கு."

கப்பை எடுத்தவர் அதைத் திரும்ப மேஜையில் வைத்தார். பாக்கி ஆறு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை, ஃபீல்டு டீம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே விளையாடியது. பக்கம் மாறினார்கள். மச்சான் முழங்காலைத் தடவிக்கொண்டே ஓடைப் பக்கத்துக் கோலில் போய் நின்றார். அவர் நின்றதும் உச்சியில் உட்கார்ந்திருந்த மிஸ்ட் எழுந்து இறங்க ஆரம்பித்தது.

நாலு வரி ரூல் எழுதினேனே, அதில் மிஸ்ட் என்ற சொல்லே இல்லை. நான் இந்த மலையில் பிறந்தவன். துணி காயப்போடுவதற்கு முன்னால் மிஸ்டைப் பார்க்கிறவன். பழைய ரூலே மிஸ்டுக்குப் பயந்து வைத்ததுதான். அதை நீக்கிவிட்டு இருபது நிமிடத்தை வைத்தபோது, ஏ.சி. போட்ட ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவன் மாதிரி எழுதியிருக்கிறேன்.

ஆனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஸ்டில் கோல் தெரியாமல் போனால் கீப்பர் "ஓய், ஓய்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. குரல் கொடுக்காத கீப்பர் ஏமாற்றுக்காரர். மச்சானுடையது இருபது வருடமாகச் சரிவுக்குச் சரிவு ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவர் "ஓய்" என்றால் அடுத்த எஸ்டேட்டில் நாய் குரைக்கும். எதிரி டீமுக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

மூன்றாவது நிமிடம் ஃபேக்டரி டீம் ஒரு கோல் போட்டது. அதை நான் பார்த்தேன், சந்தேகம் இல்லை. கூடுதல் நேரக் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. அதன் பிறகு மிஸ்ட் முழுசாக மூடிவிட்டது. என் கையில் இருந்த விசிலே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. பந்து இருக்கிற இடம் காலடிச் சத்தத்தில் மட்டும் தெரிந்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் டாஸில் தோற்றவருடைய பத்து நிமிடத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டேன் என்று ஃபேக்டரி டீம் சொல்லும். அதுவும் யாருக்காக, என் மச்சானுக்காக. ஆகவே நிறுத்தவில்லை.

ஒன்பதாவது நிமிடம். "ஓய்" என்று ஒரு குரல். திடும் என்று ஒரு உதை. பிறகு "ஓய்" இல்லை.

அப்புறம் ஒரே கூச்சல். "கோல்" என்று ஒரு பாதி, "இல்ல" என்று மறு பாதி. நான் கீழே ஓடினேன். மச்சான் கோல் கம்பங்களுக்கு நடுவில் மண்டி போட்டு, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். காலையில் சுண்ணாம்பில் போட்ட கோடு எத்தனையோ கால்கள் மிதித்து மறைந்துபோயிருந்தது. பத்து பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். டீ மேக்கர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன். "மச்சான், கோலா?"

கேட்டுவிட்டு மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இல்லை என்று சொல்லுங்கள் மச்சான். பொய்யாக இருந்தாலும் சொல்லுங்கள். நியாயமான ரூல் எழுதிய மனிதன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பொய்க்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மச்சான் கையிலிருந்த பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"கோல்தானுங்க" என்றார். "நல்லா ஒரு சாண் உள்ள."

விசில் ஊதினேன். அதற்கு மேல் ஒரு நிமிடம் விளையாடி முடிந்தது. கப் ஃபேக்டரிக்கு.

அவர் ஒரு வாரம் வரமாட்டார் என்று நினைத்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் குளித்து, முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். அண்ணனுக்கு முதலில் போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

"மச்சான்" என்றேன். "நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? டிரான்னு சொல்லி நாளைக்கு மேட்சை மறுபடி வெச்சிருக்கலாம். இப்படி உண்மையச் சொல்லிட்டீங்களே."

மீன் முள்ளை ஓரமாக எடுத்து வைத்தார்.

"உண்மையாங்க? எனக்கும் தெரியலைங்க மாப்பிள்ளை. கோடே இல்ல. மேல வந்து உழுந்துச்சு, புடிச்சேன். உள்ள புடிச்சனா, வெளிய புடிச்சனா, சாமிக்குத்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு சாண் உள்ளன்னீங்க?"

"நீங்க ஏனுங்க எங்கிட்டக் கேட்டீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. "பன்னெண்டு வருசமா விசில் ஊதறீங்க. எப்பவாச்சும் ஒரு கீப்பர்கிட்ட கோலான்னு கேட்டிருக்கீங்களா? ரெஃப்ரி பாக்கலைன்னா கோல் இல்லைங்க. நீங்க இல்லைன்னு ஊதியிருந்தா முடிஞ்சுபோச்சு. எங்கிட்டக் கேட்டுப்போட்டீங்க. அத்தனை பேரு நிக்கறாங்க. நான் இல்லைன்னா, மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுன்னு நாளைக்கு ஃபேக்டரி முழுக்கப் பேசுவாங்க. நான் காட்டுக்குப் போயிருவேன், என்னை யாரு கேக்கறது. நீங்க அந்த ஆபீஸ்லதானுங்க உக்காரோணும்."

கரண்டியைப் பிடித்தபடி மனைவி நின்றுவிட்டாள்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் நான் கேட்கவில்லை. பார்க்கவில்லை, ஆகவே கோல் இல்லை என்று ஊதுவது என் வேலை. அதைச் செய்தால் மச்சானுக்குச் சாதகம் செய்தேன் என்பார்களே என்று பயந்து, அந்தப் பயத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு டீமுக்கும் சரிசமமாகப் பத்துப் பத்து நிமிடம் பிரித்துக் கொடுத்தவன், இவர் ஒருவருக்கு மட்டும் அநியாயம் செய்துவிட்டேன்.

"பயந்துட்டேன் மச்சான்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். தங்கையிடம் திரும்பி, "குழம்பு ஊத்து பாப்பா" என்றார்.

அவருக்கு ஊற்றினாள். எனக்கு இரண்டாவது தடவை எதுவும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.